கேட்டு வாங்கினீர்களே எங்கள் பிள்ளைகளை

தறியில் உட்காரவைக்காதே, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று சொன்னது யார்? நாங்களா? அரசாங்கமாகிய நீங்கள்தானே. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தெருத்தெருவாக வந்து சொன்னீர்கள். சுவரில் பெரிய எழுத்தில் எழுதினீர்கள். தறி போட்ட வீட்டுக்குள் நுழைந்து, கோர்வைக்கு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எழுப்பி, திண்ணையில் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் எழுதினீர்கள். பெற்றவர்களைப் பார்த்து, “உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?” என்று கேட்டீர்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

என் வீட்டுக்காரர் எட்டு வயதில் கோர்வைக்கு உட்கார்ந்தவர். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் இருக்கிறதே, அந்த இரண்டும் பிரியாமல் பூட்டிக்கொள்ள மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளிக்கு இரண்டு கைதான். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பிள்ளை என்றால் கூலி கம்மி. என் மாமனார் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். கடன் அடைகிறவரைக்கும் பையன் வர வேண்டும் என்று பேச்சு. கடன் எங்கே அடைந்தது? மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது.

அது தப்பு என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் பிள்ளைகளின் நலநிதியில் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு பட்டுத் தறியில் அடகுபட்ட பிள்ளைகளைப் பற்றி அறிக்கை போட்டது. அதில் எங்கள் காஞ்சிபுரமும் இருந்தது. உலகமே எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 14 வயது வரைக்கும் படிப்பு பிள்ளையின் உரிமை, கொடுப்பது அரசின் கடமை என்றார்கள்.

சரி என்று கேட்டோம். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் நாடாவைத் தொட்டதில்லை. கோர்வைக்கு ஆள் கிடைக்காதபோது பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் நான் உட்கார்ந்தேன். இன்றைக்கும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலி, முழங்கால் வலி எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். மகள் கல்லூரிக்குப் போகிறாள். பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான்.

கேட்டீர்கள், கொடுத்தோம். கொடுத்த பிள்ளையை எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள் தெரியுமா?

அரசு உதவி பெறும் பள்ளி அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விஷயம் அந்த ஒரு பள்ளியோடு முடிந்துவிடும், மற்றவர்களெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். அன்றைக்குக் கடைசி பீரியடுக்கு ஆசிரியர் இல்லை. கழிப்பறைக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருக்கிற சந்து. ஒரு பட்டப்பெயர், முந்தின நாள் கிரிக்கெட்டில் ஒரு அவுட் தகராறு, “பெரிய இவனாடா நீ?” என்று ஒரு கேள்வி. பத்தாவது படிக்கிற பையன் கையில் காம்பஸ் இருந்தது. அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற ஜியாமெட்ரி பாக்ஸில் வட்டம் போட வைத்திருக்கும் காம்பஸ்தான். அது என் பையனின் இடது கண்ணில் ஏறியது.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. விரலை நீட்டினால் எத்தனை விரல் என்று சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் நான் பள்ளிக்குப் போய், என்ன நடந்தது என்று காட்டுங்கள் என்றேன். பள்ளியில் கேமரா இருந்தது. ஒரு பட்டுக் கடைக்காரர் முன்பே வாங்கிக் கொடுத்தது. ஸ்கிரீனில் நான்கு கட்டம். ஒரு கட்டத்தில் கேட், ஒன்றில் சைக்கிள் ஸ்டாண்டு, ஒன்றில் வராந்தா, ஒன்றில் மைதானத்தின் கோடி. அந்தக் கோடியில் நாலைந்து பையன்கள் என் பையனின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். மூலையில் மணி ஓடுகிறது. 3.12. அதற்குப் பிறகு வெறும் மண், ஒரு நாய் குறுக்கே போகிறது. 3.19-க்கு அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வருகிறான். மலிவான கேமரா, எல்லாமே சாம்பல் நிறம். விரலிடுக்கில் வழிவது ரத்தம் என்று தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

ஏழு நிமிஷம். “இதை யார் சார் பார்ப்பாங்க?” என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த ஸ்கிரீன் அவர் நாற்காலிக்குப் பின்னால், அவர் முதுகைப் பார்த்தபடி சுவரில் மாட்டியிருந்தது.

அவரைத் திட்டி என்ன பயன்? அவர் வகுப்பும் எடுக்க வேண்டும், எமிஸ் இணையதளத்தில் விவரமும் ஏற்ற வேண்டும், சத்துணவும் பார்க்க வேண்டும், தேர்வும் நடத்த வேண்டும். பள்ளியில் முன்பு ஒரு காவலர் இருந்தார். பிள்ளைகள் ‘தாத்தா’ என்று கூப்பிடுவார்கள். யார் எந்தத் தெரு, யார் அப்பா குடிப்பார், எவனுக்கும் எவனுக்கும் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மணி அடித்த பிறகு கழிப்பறைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார். அவர் ஓய்வு பெற்றார். அந்த இடம் காலி. நிரப்பச் சொல்லி நிர்வாகம் எழுதியதாம், அனுமதி வரவில்லையாம். உதவி பெறும் பள்ளி என்றால் இப்படித்தான். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தரும், கட்டடம் நிர்வாகத்தின் பாடு. பிள்ளையின் உயிர் யார் பொறுப்பில் வருகிறது என்று மட்டும் எந்தக் காகிதத்திலும் தெளிவாக இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் பெற்றோர் உட்காரும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. ஆனால் உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான் என்று அதே சட்டத்தில் திருத்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மாணவர் பாதுகாப்பு நிதி என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. இன்னும் எட்டு கேமரா, ஒரு இரும்பு கேட், சுவர் மேல் முள்கம்பி. ஆளுக்கு 500 ரூபாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வேணாம்மா, நீங்க குடுக்க வேணாம்” என்றார் ஒருவர். கண்ணைக் கொடுத்ததால் தள்ளுபடி.

அங்கே நடந்த விவாதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அத்தனை கம்பெனி இருக்கிறதே, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறதே, கேட்கலாம் என்றார் ஒருவர். எம்.எல்.ஏ. தொகுதி நிதி என்றார் இன்னொருவர். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி வருகிறது என்றார் கவுன்சிலரோடு வந்தவர். கோயில் உண்டியலில் கேட்டால் என்ன என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் முறைத்தார்கள், சிலர் சிரித்தார்கள். சாமி பணம் சாமிக்கே இருக்கட்டும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. பட்டுக் கடைக்காரர் எழுந்து, கேட் செலவு என்னுடையது, மேலே ஆர்ச் வைத்து அப்பா பெயர் போட்டுக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நம் ஊர்க் கோயில்களில் உபயம் கொடுத்தவர் பெயரை டியூப் லைட் முழுக்க எழுதி, வெளிச்சம் வரவே இடமில்லாமல் செய்துவிடுவார்களே, அதுதான் எனக்கு நினைவு வந்தது.

நடுவில் ஒரு பெரியவர், “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன...” என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், பழமொழிதான். ஆனால் அந்த அறையில் அன்றைக்கு உண்மை பேசியது அவர் ஒருவர்தான்.

நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். “கேமரா வேணாம் சார், ஒரு ஆள் போடுங்க. பழைய தாத்தா மாதிரி ஒருத்தர். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு ஆயாம்மா. பசங்களோட பேசுறதுக்குப் படிச்ச ஒரு ஆலோசகர், வாரத்துல ரெண்டு நாள் வந்தாக்கூடப் போதும்.” தலைமையாசிரியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பொருள்னா எப்படியாச்சும் வாங்கிடலாம்மா. மாசாமாசம் சம்பளம்னா யாரு குடுப்பா?”

இந்த ஒரு வாக்கியத்தில்தான் என் பையனின் கண் போனது.

அன்றிலிருந்து நானும் என் மகளும் தேடிப் பார்க்கிறோம். இரவில் தறி ஓய்ந்த பிறகு அவள் போனில் படித்துச் சொல்வாள், நான் கேட்பேன். நிதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிதி இருக்கிறது, ஆளுக்கு இல்லை. எம்.பி. நிதியில் நிலைத்து நிற்கிற சொத்துதான் வாங்கலாம், சம்பளம் கொடுக்கக் கூடாது என்று விதி. கம்பெனிகள் பெஞ்சு தரும், ஸ்மார்ட் போர்டு தரும், லோகோ ஒட்டிய தண்ணீர் தொட்டி தரும். மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்ள யார் வருவார்கள்? 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நல்ல திட்டம்தான், பழைய மாணவர்களும் கம்பெனிகளும் பணம் போடலாம்; அது அரசுப் பள்ளிகளுக்கானது. எங்களுடையது நடுவில் தொங்குகிறது.

அரசுப் பள்ளி மட்டும் என்ன வாழ்கிறது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷ மானியம் என்று தருகிறார்கள். 251-லிருந்து 1,000 பிள்ளை வரை படிக்கிற பள்ளிக்கு 75,000 ரூபாய். சாக்பீஸ், பழுது பார்ப்பது, மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதற்குள். சுத்தத்துக்கென்று பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். முழுவதையும் காவலுக்கே கொடுத்தாலும் மாதம் 6,250 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்? பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே கற்றுக்கொடுக்க மாதம் 5,000 வீதம் மூன்று மாதத்துக்குத் தருகிறார்கள். அடிப்பவனைப் பெரியவர் யாரும் தடுக்க மாட்டார்கள், நீயே தடுத்துக்கொள் என்று பெண் பிள்ளைக்குச் சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது.

அந்தப் பணமும் ஒழுங்காக வந்ததா? ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கு. 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி நிறுத்திவைத்தது. கையெழுத்துப் போட்டால் மும்மொழிக் கொள்கையையும் ஏற்க வேண்டிவரும் என்று மறுத்த மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொழிக்கொள்கையில் யார் சொல்வது சரி என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். இரண்டு அரசாங்கங்களும் சண்டை போட எங்கள் பிள்ளைகளின் பணம்தான் கிடைத்ததா?

ஒரு விஷயத்துக்கு மட்டும் நிதி உடனே வரும். செத்தால் வரும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள்; அதற்குப் பிறகுதான் கீற்றுக் கூரையைப் பிரித்தார்கள். 2012-ல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து செத்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதி. 2024 நவம்பரில் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளிக்குள்ளேயே 26 வயது ஆசிரியையை ஒருவன் புகுந்து குத்திக் கொன்றான். அன்றைக்கே நிவாரணம் அறிவித்தார்கள். அந்தக் கேட்டில் ஒரு காவலரை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படிக்கிற பையன்களே அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்து ஒரு தலித் மாணவனை வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தமிழ்நாடே உறைந்துபோனது. நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கயிறு கூடாது, சாதிப் பெயர் கூடாது என்பவைதான் தொலைக்காட்சியில் வந்தன, அவற்றை வைத்துத்தான் சண்டையும் போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு பள்ளி நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்திருக்கிறார். ராகிங், கைகலப்பு, போதை, சாதித் தொல்லை எல்லாவற்றையும் கவனிக்க ஒரு ஆள். நான் கூட்டத்தில் கேட்டதும் அதுதான். எங்கள் பள்ளியில் 500-க்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். அலுவலர் இல்லை. அவர் அறிக்கை கொடுத்து ஓராண்டு ஆவதற்குள், 2025 ஏப்ரலில், பாளையங்கோட்டையில் எட்டாவது படிக்கிற பையன் வகுப்புக்குள்ளேயே கூடப் படிப்பவனை அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு. உடனே பைகளைச் சோதியுங்கள் என்றார்கள். காம்பஸைப் பையிலிருந்து எடுத்துவிட்டுக் கணக்குப் பாடம் எப்படி நடத்துவது?

எங்கள் பள்ளிச் சுவரில் 14417, 1098 என்று உதவி எண்கள் எழுதியிருக்கின்றன. ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி தொங்குகிறது. நல்லதுதான். ஆனால் கழிப்பறைச் சந்தில் காலரைப் பிடித்து இழுக்கப்படுகிற பிள்ளை எந்தப் போனில் கூப்பிடும்? பெட்டியில் சீட்டுப் போட்டால், அதைத் திறந்து படித்து, சண்டை போட்ட இரண்டு பையன்களையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேச நேரம் உள்ளவர் யார்?

இந்த ஊருக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லாதீர்கள். 2019-ல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரை 48 நாள். லட்சலட்சமாய் ஜனம். ஆயிரக்கணக்கான போலீஸ், தெருவுக்குத் தெரு தடுப்பு, மருத்துவ முகாம், கேமரா, அதைப் பார்க்கக் கட்டுப்பாட்டு அறை, அறையில் ராப்பகலாக ஆள். நெரிசலில் உயிர் போகவில்லை என்று சொல்ல மாட்டேன், போனது. ஆனாலும் ஆள் போட்டார்கள். கூட்டம் தாங்காமல் கடைசியில் பள்ளிகளுக்கே விடுமுறை விட்டார்கள். நானும் வரிசையில் நின்று தரிசனம் செய்தேன், பையன் தோளில் தூங்கினான். கும்பிட வந்த ஜனத்துக்கு ஆள் போட முடிந்த அரசாங்கத்துக்கு, படிக்க வந்த பிள்ளைக்கு ஒரு ஆள் போட முடியாதா? அவர் அடுத்து எழுந்தருள 2059 ஆகும். பிள்ளைகள் தினமும் வருகிறார்கள்.

காந்தி ரோட்டுக்கு வாருங்கள். ஒவ்வொரு பட்டுக் கடை வாசலிலும் சீருடை போட்ட காவலர். உள்ளே மாடிக்கு மாடி கேமரா, அதைப் பார்க்க ஒருவர். புடவைக்கு அவ்வளவு காவல். தப்பில்லை, எங்கள் உழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காவலர்களில் ஒருவர் யார் தெரியுமா? என் பையன் கண்ணில் குத்திய பையனின் அப்பா. அவரும் நெசவாளிதான். விசைத்தறியும் போலிப் பட்டும் கூலியைத் தின்ற பிறகு தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுகிறார். அவர் வீட்டுக்கு வருகிறபோது பையன் தூங்கியிருப்பான், அவர் கிளம்புகிறபோதும் தூங்கிக்கொண்டிருப்பான். வீட்டிலும் அவனைப் பார்க்க ஆளில்லை, பள்ளியிலும் இல்லை.

அந்தப் பையன் மேல் கோபம் இல்லை என்றால் நான் பொய் சொல்கிறேன். ராத்திரியில் அவன் கையை உடைக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள் என்று கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செங்கல்பட்டில், முன்பு எங்கள் மாவட்டத்தில் இருந்த ஊரில்தான், 2022 டிசம்பர் 31 அன்று கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்தான். அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்தவர்களையே கைது செய்தார்கள். அதற்குப் பிறகும் நீதிபதி சந்துருவைத்தான் கூப்பிட்டு அறிக்கை கேட்டார்கள். பாவம் அந்த மனிதர், எத்தனை அறிக்கைதான் எழுதுவார்! குத்திய பையனின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று என்னால் சொல்ல முடியவில்லை. போ என்றும் சொல்ல முடியவில்லை.

ஆள் என்றதும் துப்பாக்கி பிடித்த ஆளைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள் என்று மகள் படித்துக் காட்டினாள். டெக்சாஸில் உவால்டி என்ற ஊரில் 2022 மே மாதம் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். வந்து சேர்ந்தது 376 போலீஸ். அந்த வகுப்புக்குள் போக அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், 77 நிமிஷம் ஆனது. மறு வருஷம் அந்த மாநிலம் சட்டம் போட்டது: ஒவ்வொரு பள்ளியிலும் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்க வேண்டும். அதற்குக் கொடுத்த பணம் பள்ளிக்கு 15,000 டாலர், பிள்ளைக்கு 10 டாலர். அங்கே ஒரு காவலரின் சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு? பணம் இல்லை, ஆள் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராக விலக்குக் கேட்டார்கள். அவ்வளவு பணக்கார நாட்டிலும் உத்தரவு மேலிருந்து வருகிறது, செலவைக் கீழே இருப்பவன் தலையில் கட்டுகிறார்கள்.

எனக்குத் துப்பாக்கி வேண்டாம். பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஒரு பெரியவர் வேண்டும். பாடம் நடத்துகிற வேலை இல்லாதவர், கணினியில் விவரம் ஏற்றுகிற வேலை இல்லாதவர், பிள்ளைகளைப் பார்ப்பது மட்டுமே வேலையாக உள்ளவர். அவருக்கு யார் சம்பளம் தருவது என்றால், ஆசிரியருக்குத் தருகிறவர்கள்தான் தர வேண்டும். அரசாங்கம். கஜானாவிலிருந்து. சட்டம் போட்டு. அரசுப் பள்ளிக்கும், எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிக்கும் சேர்த்து.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நாங்கள் வரி கட்டாதவர்களா? நெய்கிற ஒவ்வொரு புடவையும் விற்கும்போது 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வருமான வரி கட்டுகிறவர்களிடம் சுகாதாரம், கல்வி என்று சொல்லி 4 சதவீதம் செஸ் தனியாக வாங்குகிறீர்கள். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கு என்று எடுக்கிறீர்கள். 1948-லேயே இந்த மாகாணத்தில் நூலகத்துக்குச் சட்டம் போட்டவர்கள் நாம், அதில் எனக்குப் பெருமைதான். ஊரில் யாரும் அந்தப் பத்துக் காசுக்கு முணுமுணுத்ததாக நான் கேட்டதில்லை. புத்தகத்துக்கு ஒரு வரி போடத் தெரிந்த ஊருக்கு, அதைப் படிக்கிற கண்ணுக்கு இரண்டு காசு போடத் தெரியாதா? போடுங்கள். கட்டுகிறோம். கோர்வைக் கூலியில் கட்டுகிறோம்.

நன்கொடையாக வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நன்கொடை கொடுப்பவர் எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அவரே முடிவு செய்வார். வியாபாரம் சரிந்தால் முதலில் நிற்பது அதுதான். பெற்றோரிடம் வசூல் என்றால் இன்னும் மோசம். வருஷத்துக்கு லட்ச ரூபாய் கட்டுகிற பள்ளியில் கேட்டுக்கு நாலு பேர் நிற்பார்கள், 500 ரூபாய் புரட்ட முடியாத பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கேமரா. பாதுகாப்பும் புடவை மாதிரி விலைக்கு ஏற்ற தரத்தில் கிடைக்கும் என்றால், 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உரிமை என்று எதற்குச் சட்டம் எழுதினீர்கள்?

பையன் இப்போது வீட்டில் இருக்கிறான். பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். அப்பாவோடு தறியில் உட்கார்ந்துகொள்கிறேன், கோர்வைக்கு ஒரு கண் போதும் என்கிறான். அவனுக்கு 14 முடிந்துவிட்டது. சட்டத்துக்கு இனி அவன் மேல் பெரிய அக்கறை கிடையாது. ஜீப்பும் மைக்கும் வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை.

நான் அவனை உட்காரவிடவில்லை. விட மாட்டேன். ஆனால் எந்தத் தைரியத்தில் திருப்பி அனுப்புவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் கேமராவுக்குப் பணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். காலியாகக் கிடக்கிற காவலர் பணியிடத்தை நிரப்பு, பள்ளி நல அலுவலரைப் போடு, இரண்டு பேருக்கும் அரசாங்கமே சம்பளம் கொடு என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். கலெக்டருக்கு ஒன்று, கல்வி அலுவலருக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. கையெழுத்துப் போட வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை நான் கொண்டுவருகிறேன்.